'கொ'வுக்குக் கால் போன கதை

அந்தப் பையில கம்ப்யூட்டர்தானம்மா இருக்கு? மடியிலயே வச்சிக்கிடுங்க. மேல வச்சீங்கன்னா ஒரு வேகத்தடை போதும், யார் தலையிலயாவது விழும். ஐடி வேலையா? நல்லதாப் போச்சு. உங்கள மாதிரி ஒருத்தரத்தான் காலையிலருந்து தேடிட்டிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம் கேக்கணும். நேராக் கேட்டா உங்களுக்கு விளங்காது, முழுசாச் சொல்லுதேன். தென்காசி போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்லா.

என் பேரு செண்பகவடிவு. எங்க ஊர் தாலுகா ஆபீஸ் வாசல்ல டைப்பிங் கடை வச்சிருக்கேன். மனு எழுதுததுதான் தொழில். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தெருவிளக்கு எரியல, வாய்க்கால மறிச்சிட்டான், எல்லாத்துக்கும் நம்மகிட்டதான் வருவாங்க. வந்ததும் என்ன சொல்லுவாங்கங்கீங்க? "அக்கா, எல்லாம் போச்சு." அவ்வளவுதான் சொல்லத் தெரியும். எது போச்சு, என்னைக்குப் போச்சு, சர்வே நம்பர் என்ன, முன்னால எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு, ஒண்ணும் வாயில வராது. அழுகதான் வரும். நான் முகத்துக்கு நேராவே சொல்லிருவேன், அழுறத வேப்பமரத்தடியில அழுதுட்டு வாங்க, எனக்கு விவரம் வேணும்னு. கறார்க்காரின்னு பேரு. இருந்துட்டுப் போகட்டும். விவரம் இல்லாத மனுவ எந்த ஆபீசர் பாப்பாரு?

இன்னொரு பேரும் உண்டு. வடிவு அக்கா அடிச்ச தாள்ல எழுத்துப்பிழை இருக்காது. அந்தப் பேருதாம்மா எனக்கு எமனா வந்துச்சு.

எனக்கு ஒரே அண்ணன், சங்கரலிங்கம். பாளையங்கோட்டையில வீடு. ஹெட்மாஸ்டரா இருந்து போன மே மாசம் முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டயர் ஆனான். பள்ளிக்கூடத்துல விழா, பந்தல், மைக்செட், எல்லாம் தடபுடல். வாழ்த்து மடல் நான்தான் எழுதுவேன்னு அடம்பிடிச்சு வாங்கிட்டேன். முப்பது வரி. ஒவ்வொரு வரியும் 'கொடுத்தார்'னு முடியும். அந்த 'கொடுத்தார்' மட்டும் தடிப்பாத் தெரியணும்னு தடித்த எழுத்துல போட்டேன். கடையில இருக்கது லினக்ஸ், பென்குயின் படம் போட்டிருக்கும்லா, அது. கண்டவன் பென்டிரைவையும் சொருகிச் சொருகி வைரஸ் வருதுன்னு சர்வீஸ்காரர் அதப் போட்டுத் தந்தாரு. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. மனுவெல்லாம் சின்னத் தாள்ல போகும். மடல் பெரிய தாளுங்கிறதால 'பக்கத்துக்குப் பொருத்து'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் போட்டு பிரிண்ட் குடுத்தேன். திரையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஃபிரேம் போடுதவரு வாசல்ல நின்னு அவசரப்படுத்தினாரு. அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். திரையில சரியா இருக்கத தாள்ல வேற படிச்சுப் பாக்கணுமா? நான் என்ன புதுசாவா டைப் அடிக்கேன்?

விழாவுல மடல வாசிச்சது பி.டி. சார் தங்கப்பாண்டி. மைதானத்துல கத்திப் பழகின தொண்டை, மைக்கே தேவையில்ல. ஒவ்வொரு வரியும் முடிஞ்சதும் கைதட்டலுக்கு நிறுத்துதாரு. "ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குக் கல்வி கெடுத்தார்." கூட்டம் முழிச்சுது. வாய் குழறிட்டு போலன்னு நினைச்சேன். "பள்ளிக்குக் கட்டடம் கெடுத்தார்." பின்வரிசையில பழைய மாணவனுவ சிரிக்கத் தொடங்கிட்டானுவ. "ஏழைகளுக்கு ஊக்கம் கெடுத்தார்." இப்ப நிசமாவே கைதட்டினானுவ. பி.டி. சாருக்கு உற்சாகம் வந்துட்டு, குரல இன்னும் ஏத்தி, "அண்ணன் தங்கைக்கு வாழ்வு கெடுத்தார்"னாரு. அண்ணன் மாலையக் கழட்டி மேசையில வச்சுட்டு எறங்கிப் போயிட்டான்.

என்ன நடந்திருக்கு தெரியுமா? 'கொ'வுக்கு முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு காலு. அந்தப் பின்னால உள்ள காலு மட்டும் தாள்ல விழல. கொம்பு நிக்கி, கால் இல்ல. முப்பது வரியிலயும் அப்படித்தான். பி.டி. சார்கிட்ட, பாத்து வாசிக்கக் கூடாதான்னு கேட்டேன். பாத்துத்தான் வாசிச்சேன்னாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல.

அண்ணன் வீட்டுக்குப் பின்னாலயே ஓடினேன். நான் செய்யலண்ணே, மிஷின் செஞ்சதுன்னேன். அவன் கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல, கத்தல. மெதுவாச் சொன்னான்.

"என் தங்கச்சி எழுத்துப்பிழை விடமாட்டா. அது எனக்குத் தெரியும்."

கேட்டீங்களா? முப்பது வருசம் நான் கண்ணுமுழிச்சுச் சம்பாதிச்ச பேரு, என் கழுத்துக்கே வந்துட்டு. மனசுல வச்சிருந்தத மேடையேத்திட்டேன்னு நினைச்சுட்டான். மனசுல என்ன வச்சிருக்கேன்? ஒண்ணுங்கிடையாது. பிளஸ் டூவுல நான் நல்ல மார்க்கு. தொண்ணூத்தொண்ணுல. காலேஜ்ல கெமிஸ்ட்ரிக்கு இடம் கெடச்சு கார்டு வந்துட்டு. அப்பா இல்ல, அண்ணன்தான் வாத்தியார் வேலைக்குப் போய்க் குடும்பத்தப் பாத்தான். பொம்பளப்பிள்ளைக்கு டைப்பிங் போதும்னுட்டான். ஜூன் மாசம் எல்லாரும் காலேஜுக்கு பஸ் ஏறினாங்க, நான் டைப்ரைட்டிங் கிளாசுக்கு நடந்து போனேன். அவ்வளவுதான். அதுல எனக்கு வருத்தமே கெடையாது. அந்தக் கார்டக்கூட நான் பத்திரமா பீரோவுல வச்சிருக்கேன், வருத்தம் இருந்தா கிழிச்சிருப்பேன்லா?

இதுல பெரிய இடி என்னன்னா, என் மக கோமதிக்கு வர்ற ஆவணி இருபதாம் தேதி கல்யாணம். எங்க பக்கத்துல தாய்மாமன் மாலை போட்டுக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வராம பொண்ணு மணவறை ஏற மாட்டா. அவளுக்கு இருக்கது ஒரே மாமன். மதினி போன் பண்ணி, "உங்க அண்ணன் வரமாட்டேங்காவ, வடிவு. நானும் சொல்லிப் பாத்துட்டேன்"ன்னாவ. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? 'கொ'வுக்குக் கால் போச்சு, அதனால மாமன் வரலன்னா சொல்லுவேன்? ராத்திரி படுத்தா தூக்கம் வராது, எந்திரிச்சு உக்காந்து அழுவேன். மறுபடி அண்ணன்கிட்டப் போய், மிஷின் தப்புதான்னு சத்தியம் பண்ணேன். "மிஷினுக்கு உன் கதை எப்படித் தெரியும்?"னு கேட்டுட்டு உள்ள போயிட்டான். வாய்ச் சத்தியம் இனிமே எடுபடாது. சாட்சி வேணும். அந்த மென்பொருள உண்டாக்கினவனே எழுதித் தரணும், தப்பு எங்களோடதுதான்னு.

தேடினேன். அந்த பிரிண்ட் அனுப்புத மென்பொருள்ல உதவின்னு ஒரு இடம், அதுக்குள்ள 'குறை தெரிவிக்க'ன்னு ஒண்ணு. அதப் பாத்ததும் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துட்டு. குறை தெரிவிக்கிறதுதானம்மா என் தொழிலே? கோமதி சொன்னா, அதுக்கு பக் ரிப்போர்ட்டுன்னு பேரு, பக்குன்னா பூச்சின்னு. பூச்சியோ புழுவோ, மனு மனுதான்னு உக்காந்தேன்.

என் ஆயுசுல அப்படி ஒரு மனு எழுதினதில்ல. அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. அங்க குறை கேக்குதவர் பேரு எலிஷ்கான்னு போட்டிருந்துச்சு. ஆணா பெண்ணா தெரியல, அதனால ஐயா போட்டு, கோடு போட்டு, அம்மாவும் போட்டுட்டேன். அப்பா செத்ததுலருந்து ஆரம்பிச்சு, அண்ணன் குடும்பத்தத் தாங்கினது, பந்தல்ல நான் பட்ட அவமானம், மாலை இல்லாம நிக்கப்போற மக, எல்லாம் மூணு பக்கம். படிச்சா கல்லும் கரையும். கடைசியில, தங்கள் பொற்பாதங்களில் பணிந்து வேண்டுகிறேன், கருணை கூர்ந்து ஆவன செய்யவும்னு முடிச்சேன். கம்ப்யூட்டரே இங்கிலீஷ்ல மாத்தித் தந்துட்டு. அனுப்பிட்டேன்.

மூணாம் நாள் பதில் வந்துச்சு, எலிஷ்கா பொம்பளதானாம். நன்றின்னு ஒரு வரி. அப்புறம் வரிசையாக் கேள்வி. எந்தப் பதிப்பு? எந்த பிரிண்டர்? என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், அதற்குப் பதிலாக என்ன வந்தது? கடைசியா ஒண்ணு கேட்டிருந்தா பாருங்க, கோல்டன் ஃபீட் என்பது உங்கள் பிரிண்டரின் மாடலா, அப்படி ஒரு மாடல் எங்கள் பட்டியலில் இல்லையேன்னு. பொற்பாதத்த கம்ப்யூட்டர் அப்படி மாத்தியிருக்கு. கோமதி கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஒருத்தி குடும்பம் உடைஞ்சு கெடக்குன்னு எழுதியிருக்கேன், பிரிண்டர் மாடலக் கேக்கா. மனுசியா இவ? கோமதி சொன்னா, "நீ மனு எழுத வாறவங்களக் கேக்குறதத்தானம்மா அவளும் கேக்கா?" சர்வே நம்பர் வேற, இது வேறன்னு சொல்லிட்டேன். வாய்க்காலுக்கு நம்பர் வேணும். வயித்தெரிச்சலுக்கு எதுக்கு நம்பர்?

விடுவேனா? வாரத்துக்கு ஒண்ணா நினைவூட்டல் ஒண்ணு, நினைவூட்டல் ரெண்டுன்னு தட்டினேன். கீழ நகல்னு போட்டு, அந்தப் பக்கத்துல எத்தனை பேரு பேரு இருந்துச்சோ அத்தனை பேருக்கும் அனுப்பினேன். மேலிடத்துக்கு நகல் போகுதுன்னு தெரிஞ்சாத்தானம்மா எந்த ஆபீஸ்லயும் கோப்பு நகரும். அங்க நகரல. நகல் அனுப்பினால் வேகம் கூடாது, விவரம் அனுப்பினால்தான் கூடும்னு மரியாதையா ஒரு பதில் வந்துச்சு. என் மனுவுக்கு மேல 'தகவல் தேவை'ன்னு சிவப்புல ஒரு சீட்டு வேற. என் மனுவுக்கு. தாலுகா ஆபீஸ்ல இதுவரைக்கும் நான் அடிச்ச ஒரு மனு, தகவல் போதாதுன்னு திரும்பி வந்ததில்ல.

இப்படியே ஆடி பொறந்துட்டு. இனிமே ரோசம் பாத்தா மக கல்யாணம் நிக்கும்னு தோணிச்சு. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். பதிப்பு நம்பரத் தேடி எடுத்தேன். மடலையும் இணைச்சேன். உடனே அடுத்தத ஆரம்பிச்சா. மடல் ரொம்பப் பெரிசா இருக்கு, பாதிய வெட்டிட்டு பிரிண்ட் எடுத்துப் பாருங்க, குறை அப்பவும் வந்தா அதுல பாதிய வெட்டுங்க, எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதா ஆக்கி அனுப்புங்கன்னா.

வெட்டினேன். அண்ணன் வாங்கின விருதெல்லாம் போச்சு. குறை வந்துச்சு. அவன் கட்டின கட்டடம் போச்சு. குறை வந்துச்சு. பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்வி போச்சு. அப்பவும் வந்துச்சு. கூடப்பொறந்த அண்ணன நானே பாதி பாதியா வெட்டுத மாதிரி இருந்துச்சும்மா. கடைசியில தாள்ல ஒரே ஒரு வரி நின்னுச்சு. அண்ணன் தங்கைக்கு வாழ்வு கொடுத்தார். ஏன் அந்த வரிய வச்சேன்னா, அதுதான் சின்ன வரி. கட்டட வரி இன்னும் சின்னதுதான், கோமதியும் கேட்டா. எனக்கு அப்ப அது தோணல, அவ்வளவுதான்.

அத வச்சு நாப்பது தாள் எடுத்துப் பாத்திருக்கேன். தடிப்ப எடுத்துட்டா கால் வருது. தடிப்பு இருந்து, டிக் இல்லன்னாலும் வருது. ரெண்டும் சேந்தா மட்டும் கால் போயிருது. ஒரு தாள்ல கொடுத்தார், மறு தாள்ல கெடுத்தார், ஒரு தாள்ல கொடுத்தார், மறு தாள்ல கெடுத்தார். கடை பூரா அண்ணன்தான். பட்டா மனுவுக்கு வந்த ஒருத்தரு எல்லாத்தையும் பாத்துட்டு, "ஏம்மா, ஒரு முடிவுக்கு வர மாட்டீயளா?"ன்னாரு.

பெறவு ஒரே பக்கத்துல எழுதினேன். இருங்க, தமிழ்லயும் ஒண்ணு அடிச்சேன், இந்தா பையிலதான் இருக்கு. வாசிக்கேன், கேளுங்க.

குறை: தடித்த எழுத்தில், 'பக்கத்துக்குப் பொருத்து' டிக் போட்டால், 'கொ'வின் கால் விடுபடுகிறது.
சோதித்த வரி: அண்ணன் தங்கைக்கு வாழ்வு கொடுத்தார்.
எதிர்பார்த்தது: கொடுத்தார்.
நடந்தது: கெடுத்தார்.
எத்தனை முறை: ஒவ்வொரு முறையும்.
தற்காலிகத் தீர்வு: தடிப்பை விட்டுவிட்டால் சரியாகிவிடும்.
எப்போதிலிருந்து:

அந்தக் கடைசி இடம் தெரியல, காலியா விட்டுட்டேன். ரெண்டே நாள், எலிஷ்காகிட்டருந்து பதில் வந்துட்டு. எங்களிடமும் அதே குறை வருகிறது, உறுதி செய்துவிட்டோம். தவறு எங்களுடையது. உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன். இவ்வளவு தெளிவான அறிக்கை எங்களுக்கு அபூர்வமாகத்தான் வரும்னு எழுதியிருந்தா. அதப் படிச்சுட்டு கடைய அடைச்சுட்டு அழுதேம்மா. ஒருத்தி, எந்தூருன்னே தெரியாது, தப்பு எங்களோடதுன்னு நேரா எழுதிட்டா பாருங்க.

என் அறிக்கை, அவ பதில், ரெண்டு தாளையும் எடுத்துட்டு இன்னைக்குக் காலையில முதல் பஸ்ல பாளையங்கோட்டை போனேன். மதினி கதவத் தொறந்தாவ. அண்ணன் பேப்பர் படிச்சிட்டிருந்தான், நிமிந்துகூடப் பாக்கல. தாள நீட்டினேன். முப்பது வருசத்துக்கு மேல வாத்தியாரா இருந்தவன், நீட்டின தாள வாங்காம இருக்க முடியுமா? வாங்கினான், கையோட பேனாவையும் எடுத்துக்கிட்டான்.

படிச்சான். அரைப் பக்கம்தான், ஆனா படிக்கான், படிக்கான், படிச்சிட்டே இருக்கான். எதிர்பார்த்தது, நடந்தது ரெண்டு வரியையும் விரல வச்சுப் படிச்சான். அப்புறம் விரல் கீழ வந்து, தற்காலிகத் தீர்வுல நின்னுட்டு.

"தடிப்ப விட்டா சரியாயிருமா, வடிவு?"

"ஆமாண்ணே. நாப்பது தாள்ல சோதிச்சுப் பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் சரியாவுது."

சரின்னு தலையாட்டினான். எலிஷ்கா எழுதின பதிலையும் குடுத்தேன். தவறு எங்களுடையதுங்கிற எடத்த வாய்விட்டுப் படிச்சான். கண்ணாடியக் கழட்டினான், துடைச்சான், மறுபடி போட்டான். "மொகம் தெரியாத ஒருத்திக்கு, தப்பு எங்களோடதுன்னு ஒரு நிமிசத்துல எழுத வந்திருக்கு"ன்னான். எனக்கு விளங்கல. மென்பொருள் தப்புண்ணே, என் தப்பு இல்ல, இப்பவாவது நம்புதியான்னு கேட்டேன். "நம்புதேன்"னு சொல்லிட்டு, என் அறிக்கைய மேசையில வச்சு, காலியாக் கெடந்த அந்த எடத்துல எழுதினான். கீழ முழுக் கையெழுத்துப் போட்டு, இன்னைக்குத் தேதியும் போட்டான். "ஆவணி பதினெட்டே வந்துருவேன்னு கோமதிகிட்டச் சொல்லு"ன்னு எழுந்து உள்ள போயிட்டான். மதினி அடுப்படியில நின்னு முந்தானையால மூக்கச் சிந்துதாவ.

இந்தா, பாருங்க. எப்போதிலிருந்து: ஜூன் 1991.

சந்தோசந்தான், இல்லங்கல. மாமன் வாறான், மக கல்யாணம் நடக்கும், வயித்துல பால வாத்த மாதிரி இருக்கு. பஸ் ஏறினதுலருந்து எதுக்கு அழுகேன்னும் எனக்குத் தெரியல. ஆனா அத்தனை படிச்ச மனுசனுக்கு ஒரு பக் ரிப்போர்ட்ட ஒழுங்காப் படிக்கத் தெரியலயேன்னு ஆத்தாமையா இருக்கும்மா. கோமதிக்கு போன் போட்டுக் கேட்டேன். ஜூன் தொண்ணூத்தொண்ணுல அந்த மென்பொருள் இல்ல, இந்த லினக்ஸே வெளிய வரலன்னு சொல்லுதா. எலிஷ்கா விவரம்னா விடமாட்டா, அந்த எடம் காலியா இருக்குன்னு ரெண்டு தடவ கேட்டுட்டா. வேற தேதி போடலாம்னா, அண்ணன் கையெழுத்துப் போட்டுத் தந்தத அழிக்க எனக்கு மனசு வரல.

நீங்க சொல்லுங்கம்மா. இத நான் எப்படி அவளுக்கு அனுப்ப?